ஆடியில் அளந்த டவர்

இந்தியாவுக்குப் போய் வருகிற நம்மவர்கள் எல்லோரும் கோயில் கோபுரங்களைப் பற்றி எழுதுகிறார்கள். நான் பார்க்கப் போனது ஒரு இரும்புக் கோபுரம். அதற்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். நாற்பத்தேழாம் டவர். குற்றாலத்து மலையில், மேகம் உரசிப் போகிற ஒரு மொட்டைப் பாறையின்மேல் அது நிற்கிறது.

எனக்கு இலங்கையில், ஹட்டனுக்கு மேலே உள்ள தேயிலை மலைகளில், உயர் அழுத்த மின்கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். மலைமேல் ஓடும் கம்பிக்கு மின்னல்தான் எமன். எங்கள் பக்கத்துக் கம்பிகள் மின்னல் விழுந்தாலும் மின்சாரம் நின்று அவ்வளவாக அணைவதில்லை என்று கேள்விப்பட்டுத் தென்காசிப் பக்கத்துத் தனியார் மின்சாரக் கம்பெனி ஒன்று என்னை அழைத்திருந்தது. கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. ஐம்பதுகளின் கடைசி அது. செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

ஆடி மாதம். தென்காசியில் நான் இறங்கியபோது மழை என்று சொல்ல முடியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. குடை பிடித்தால் வெட்கமாக இருந்தது, பிடிக்காவிட்டால் சட்டை நனைந்தது. சாரல் என்றார்கள். எங்கள் மலையில் மழை என்றாலே எல்லோருக்கும் சலிப்பு. கொழுந்து பறிக்கிற பெண்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டே வேலை செய்வார்கள். இங்கேயோ ஒரு ஜவுளிக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, தெருவில் நின்று, கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் வாடிக்கைக்காரர் காத்திருந்தார். அவரும் அவசரப்படவில்லை.

கம்பெனியின் டிவிஷனல் எஞ்சினியர் வைத்தியநாதன் ஜீப்போடு வந்திருந்தார். நல்ல மனிதர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் கெட்டவர் யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

"முதல்ல குளியல் சார். அப்புறம் சாப்பாடு. ஆபீஸ் எல்லாம் அதுக்கப்புறம்தான். குற்றாலத்துல இதான் சட்டம்" என்றார்.

ஜீப் அந்தச் சட்டத்துக்கு உடன்படவில்லை. பாதி வழியில் இருமி இருமி நின்றுவிட்டது. தலையில் எண்ணெய் வழிய அருவிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய குடும்பம், யாரும் கேட்காமலே, பேச்சைக்கூட நிறுத்தாமல், எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. பங்களா வாசலில் விட்டுவிட்டு அதே பேச்சோடு போய்விட்டார்கள். ஜீப்பின் பின்புறம் முழுக்க எண்ணெய்க் கைகள் பதிந்திருந்தன.

அருவிக்கரையில் ஒருவர் என்னைக் கல்லில் உட்கார்த்தி, தலையிலிருந்து கால் வரைக்கும் எண்ணெய் தேய்த்து, பிடித்து, தட்டி, முறுக்கி எழுப்பிவிட்டார். அப்படியே போய்த் தண்ணீருக்குக் கீழே நின்றேன். அதை எப்படிச் சொல்வது? முதலில் தலையில் அடி விழுகிறது. பிறகு காது போய்விடுகிறது. பிறகு நாம் யார், எந்த ஊர், எதற்காக வந்தோம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. பக்கத்தில் ஒரு தாசில்தாரும் ஒரு மாட்டுத் தரகரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். வெளியே வந்த பிறகுதான் யார் தாசில்தார் என்று தெரிந்தது. எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு என் உடம்பு எனக்குப் பாரமாக இல்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு மிளகாய் பஜ்ஜி. அதற்குப் பிறகு பங்களாவில் வாழையிலை போட்டுத் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். எங்கள் யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு, ஆனால் அது ஓரமாக ஊற்றிக்கொள்வது. இங்கே அதுவே சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் சாய்வு நாற்காலியில் விழுந்தேன். சாரல் முகத்தில் தெளித்துக்கொண்டே இருந்தது. என்னை அழைத்த காரியத்தை வைத்தியநாதன் அப்போதுதான் சொன்னார். நான் அதை அரைத் தூக்கத்தில் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற சில விஷயங்களில் அது ஒன்று.

விஷயம் இதுதான். மின்னல் டவரின் உச்சியில் விழுந்தால், இரும்பு வழியாக இறங்கி, காலடியில் புதைத்திருக்கும் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். மண் அதை வாங்கிக்கொண்டால் ஒரு தொல்லையும் இல்லை. மண் வாங்க மறுத்தால், இறங்கிய மின்னல் திரும்பி, கம்பியைத் தாங்குகிற பீங்கான்களைத் தாண்டிக் கம்பியிலேயே பாயும். சப்-ஸ்டேஷனில் சுவிட்ச் விழும். அடிவாரத்து ஊர்கள் அத்தனையும் இருண்டு போகும். கம்பெனியின் கம்பி அடிக்கடி அப்படி அணைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கருகியது நாற்பத்தேழாம் டவரின் பீங்கான்.

அந்தப் பகுதிக் கம்பிகளுக்குப் பொறுப்பு மைதீன் பிச்சை என்கிற போர்மேன். பீங்கான்களை அவர் துடைத்துப் பராமரிக்காததுதான் காரணம் என்பது கம்பெனியின் கட்சி. அவரோ, அந்த டவருக்கு எர்த் நிற்கவில்லை, மண் மின்னலை வாங்கவில்லை என்று வருஷா வருஷம் கோளாறுப் புத்தகத்தில் எழுதிவந்தார். வருஷா வருஷம் அதிகாரிகளும் நேரில் போய்க் கருவி வைத்து அளந்து, எர்த் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு வந்தார்கள்.

"பொய் எழுதியிருக்கார்னு ஆகிடுச்சு சார். வேலையை விட்டு அனுப்பறதா ஹெட் ஆபீஸ் முடிவே பண்ணியாச்சு. இருபது வருஷ சர்வீஸ், பாவம். எனக்கே மனசு கேக்கல. அதான், வெளியாள் ஒருத்தர் அளந்து சொல்லட்டும்னு உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் வைத்தியநாதன்.

நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை மைதீன் பிச்சை பங்களா வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம். லைன்மேன்கள் இருவர் கூட வந்திருந்தார்கள். அவர்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

எர்த் அளக்கிற கருவியை மெகர் என்போம். கைப்பிடி வைத்த கனமான பெட்டி அது. லைன்மேன் ஒருவர் அதைத் தூக்கப் போனார். மைதீன் பிச்சை தடுத்து, தன் தோளில் கிடந்த துண்டால் அதைச் சுற்றி, தானே தோளில் ஏற்றிக்கொண்டார். தன் வேலையைப் பறிக்கப் போகிற பெட்டி நனைந்துவிடக் கூடாது என்று அவர் நனைந்துகொண்டு வந்தார்.

மலைப்பாதையில் மேகம் எங்களோடு ஏறியது. ஒரு வளைவில் டவர் தெரியும். அடுத்த வளைவில் அது இருந்த இடத்தில் வெள்ளைதான் இருக்கும். ஒரு தடவை இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் டவரின் மேல்பாதி மட்டும் ஆகாயத்தில் நின்றது. எத்தனை வருஷமாக இதே வேலை பார்க்கிறேன், டவர்கள் அழகானவை என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. கம்பிகளில் ஈரம் பட்டு ஒரு சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கோ காட்டுக்குள் தண்ணீர் விழுந்தது. எல்லாம் நனைந்திருந்தன.

பாறை உச்சிக்குப் போய், இரும்பு முளைகளை அடித்து, ஒயர்களை மாட்டி, கைப்பிடியைச் சுற்றினேன். முள் எழுந்து வந்து, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. வெகு நேர்த்தி. எங்கள் மலையில்கூட இவ்வளவு நல்ல எர்த் நான் பார்த்ததில்லை. டவரின் நான்கு காலிலும் அளந்தேன். நான்கிலும் அதே.

மைதீன் பிச்சை குனிந்து முள்ளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"ஐயா, ஒரு வார்த்த சொல்லட்டுமா? சித்திரையில வந்து பாத்தியன்னா இந்த முள்ளு இங்கன நிக்காது."

"மண் அதே மண்தானே அண்ணாச்சி?"

"மண்ணு அதே மண்ணுதான். ஈரம் ஆடியோடதுல்லா."

நான் சிரித்தேன். அகப்பட்டுக்கொண்டவன் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். எங்கள் தேயிலை மலையில் ஆளுயரத்துக்கு மண். எந்த மாதம் தோண்டினாலும் ஈரம். மண் காயும் என்ற நினைப்பே எனக்குப் பழக்கமில்லை. ஊரை விட்டு வெளியே போனால் எதையும் நம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பயணத்தின் சுகம் என்று நான் நம்பியிருந்தேன்.

"குறிச்சு வைக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். குறித்து வைக்கவில்லை.

திரும்பும்போது ஜீப் வரவில்லை, பஸ்ஸைப் பிடித்தோம். ஐந்தருவிப் பக்கத்தில் பஸ் நின்றது. நின்றபடியே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"டிரைவர் குளிக்கப் போயிருக்காவ. இப்ப வந்துருவாவ" என்றார் கண்டக்டர்.

யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு அம்மாள் எனக்கு மங்குஸ்தான் பழம் ஒன்றை உடைத்துக் கொடுத்தாள். பின்சீட்டில் இரண்டு பேர் தண்ணீர் நேற்றைக்கு எப்படி விழுந்தது, இன்றைக்கு எப்படி விழுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தலையைத் துவட்டிக்கொண்டே டிரைவர் வந்து ஏறினார். அவ்வளவு சந்தோஷமான டிரைவரை எங்கள் மலைப்பாதைகளில் நான் பார்த்ததில்லை. கடைசி சீட்டில் மைதீன் பிச்சை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை, அருவிக்குப் போகும் முன்பே, வைத்தியநாதன் டைப் அடித்த காகிதத்தை நீட்டினார். 'நாற்பத்தேழாம் டவரின் எர்த் மிகவும் திருப்திகரமானது.' உண்மைதானே? கையெழுத்துப் போட்டேன். அதை ஹெட் ஆபீஸுக்கு எடுத்துப் போகும் ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். எனக்கு அருவி ஞாபகம்.

அன்று பகல் எனக்கு வேலையில்லை. செங்கோட்டைக்குப் போய், கொல்லம் போகிற ரயிலில் மலையேறிப் பார்க்கலாம் என்று புறப்பட்டேன். ரயில் குகைக்குள் நுழைவதும் வெளிச்சத்தில் பிதுங்குவதுமாக ஏறியது. ஒவ்வொரு குகை முடிவிலும் வேறொரு பச்சை. ஆரியங்காவு தாண்டியதும் சாரல் கொட்டும் மழையாயிற்று. எதிரே இரண்டு மலையாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மிளகு வியாபாரி, செங்கோட்டைச் சந்தைக்கு வந்து திரும்புகிறார். அவர்கள் பேசியதை என் சொந்தத் தமிழில் தருகிறேன்.

"எவ்வளவு மழை பார், ஒரு சத்தமாவது உண்டா?" என்றார் வியாபாரி.

"கர்க்கடகத்து மழைக்கு ஏது சத்தம்? அழுதுகொண்டே இருக்கும். இடிக்கிறதெல்லாம் மேடத்திலும் துலாத்திலும்தான்" என்றார் மற்றவர்.

"அதைச் சொல்லு. மேடத்தில் என் தென்னை ஒன்று பற்றி எரிந்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காலம் அது. அப்போதுதான் அதற்குக் கோபம் வரும்."

அவர்கள் பேச்சு மிளகுக்குப் போய்விட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தேன். கர்க்கடகம் என்றால் நம் ஆடி. மேடம் என்றால் சித்திரை. துலாம் என்றால் ஐப்பசி. மின்னலைப் பற்றி ஆராயக் கடல் தாண்டி வந்திருக்கிறேன், மூன்று நாளாகிறது, ஒரு இடிகூட என் காதில் விழவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு குகை வந்தது. அந்த இருட்டில் என் முகம் சூடேறியது.

அதிகாரிகள் வருஷா வருஷம் எப்போது வந்து அளந்தார்கள்? ஆடியில். ஏன் ஆடியில்? ஆடியில்தான் அருவியில் தண்ணீர் விழும். பங்களா, எண்ணெய், பஜ்ஜி, குடும்பத்தோடு குளியல், அதோடு டவரையும் அளந்துவிட்டால் பயணப்படிக்கும் ஆயிற்று. மலை நனைந்து ஊறிக் கிடக்கும்போது அளந்து, எர்த் பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். இடி விழுகிற மாதத்தில் அந்தப் பாறையை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர்தான். அவர் பொய்யர் என்று இன்று காலை நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். திரும்பிப் போகும் வண்டிக்காக மழையில் வெகு நேரம் காத்திருந்தேன். தேத்தண்ணீர் நன்றாக இருந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும், பங்களாவில் என்னிடமே இருந்த மெகர் பெட்டியோடு, மலையடிவாரத்து ஊரான வடகரைக்குப் போனேன். மைதீன் பிச்சையின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். தென்னந்தோப்பு ஓரத்தில் ஓட்டு வீடு. அவர் வாசலில் நின்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"நான் பிழை விட்டிட்டன் அண்ணாச்சி" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "நேற்றுக் காலையிலையே கையெழுத்து வைச்சிட்டன்."

"தெரியும். ஆபீஸ்ல சொன்னாவ. அதுக்கு என்ன செய்ய? முள்ளு காட்டுனதத்தான எழுதுனிய" என்றார்.

"இப்ப மேலை போகலாமோ?"

"இப்பயும் ஈரந்தான கெடக்கும் ஐயா."

"கெடக்கட்டும். போவம்."

அவர் உள்ளே போய் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார். ஏறினோம். லைன்மேன்கள் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அன்றைக்கு நான் பெட்டியைத் தூக்க முயன்றேன். இருபது அடி நடந்ததும் அவர் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

மேலே போனதும் சாரல் வலுத்தது. டவரின் அடிக்கு மேற்கே ஒரு பெரிய பாறை, வீட்டுக்கூரை மாதிரி வெளியே துருத்தி நின்றது. அதன் கீழே ஒதுங்கிச் சாப்பாட்டைத் திறந்தோம். தேங்காய்ச் சோறும் மாசிக் கருவாட்டுத் துவையலும். மாசியை இலங்கைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வீட்டு நினைவு வந்தது. அவசரமாகத் தரையில் கையூன்றிச் சட்டியை நோக்கி நகர்ந்தேன். கையில் புழுதி ஒட்டியது.

புழுதி. நாலு நாளில் நான் பார்த்த முதல் புழுதி அது.

"அண்ணாச்சி, இங்கை மழை படுறதே இல்லையோ?"

"இல்ல. ஆடு மேய்க்கவுக ஒதுங்குத எடம்லா. எந்தக் காலத்துலயும் காஞ்சுதான் கெடக்கும். சித்திரையில இந்த மலை பூராவும் இப்பிடித்தான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சோற்றை வைத்துவிட்டு எழுந்தோம்.

அந்தப் புழுதிக்குள் முளையை அடித்தேன். நாலு விரற்கடை மண், அதற்குக் கீழே பாறை. ஒயரை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினேன். முள் ஒரேயடியாக மறுகோடிக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இந்த மண் எதையும் வாங்காது என்று அர்த்தம். பத்தடி தள்ளி, நனைந்த இடத்தில் அதே முளையை அடித்துச் சுற்றினேன். முள் பணிவாக இறங்கி வந்தது. அதே மண், அதே பாறை, அதே நாள். மூன்று தடவை மாற்றி மாற்றிச் சுற்றிப் பார்த்தேன். மைதீன் பிச்சை கண்ணாடிக்குள் ஆடிய முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அல்லது சாரல்.

"இத்தன வருசமா எழுத்துலயும் வாயாலயுந்தான சொன்னேன். அந்தப் பொட்டியத் தரமாட்டாவ. ஸ்டோர்ல பூட்டி வச்சிருவாவ. ஆடியில மட்டுந்தான் எடுப்பாவ" என்றார்.

மிச்சச் சோற்றைச் சாப்பிடும்போது என்ன செய்யலாம் என்று பேசினோம். டவரின் நான்கு கால்களிலிருந்தும் நீளமான கம்பிகளை மண்ணுக்குள் புதைத்து, எப்போதும் ஈரம் காயாத ஒரு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மின்னலுக்கு வழி கிடைத்துவிடும். இந்தப் பாறைக்காட்டில் சித்திரையிலும் ஈரம் காயாத இடத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன்.

"அது இருக்கு ஐயா. கீழ ஓடையில ஒரு எடம். கோடையில ஓட வத்துனப் பெறவு ஆன வந்து கால வச்சுத் தோண்டித் தண்ணி குடிச்சிட்டுப் போவும். ஆன ஒரு நாளும் வறண்ட எடத்தத் தோண்டாது."

அந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். நான் படித்த எந்த மின்சாரப் புத்தகத்திலும் யானை வரவில்லை.

வைத்தியநாதனைத் தேடிப் போனபோது அவர் அருவிக்கரைக் கல்லில் குப்புறப் படுத்திருந்தார். முதுகில் ஒருவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்திச் சொல்லச் சொல்ல அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். கடைசியில் எழுந்து உட்கார்ந்தார். அவரும் எத்தனை ஆடியில் கையெழுத்துப் போட்டிருப்பார்!

"சார், ரிப்போர்ட் போயாச்சு. நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணுன்னு எழுதினா உங்களைத்தான் கேலி பண்ணுவாங்க. இனிமே யாரும் உங்களை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட வேண்டாம்."

"என்னையும் கேப்பாங்களே" என்றார், மெதுவாக.

"ஓம், கேப்பினம்" என்றேன்.

அவர் எண்ணெய் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு என்னோடு ஜீப்புக்கு வந்தார். குளிக்கவில்லை. தென்காசித் தபாலாபீசில் நான் தந்தி எழுதினேன். என் அளவு தவறு, போர்மேன் எழுதியதே சரி, மறு அறிக்கை தபாலில் வருகிறது என்று எழுதினேன். வைத்தியநாதன் அதை வாங்கிப் படித்தார். பேனாவைக் கேட்டார். என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். கவுண்டரில் இருந்தவர் அந்தப் படிவத்தில் எண்ணெய் பட்டுவிட்டது என்று சலித்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிச் சில வாரங்களில் வைத்தியநாதனிடமிருந்து கடிதம் வந்தது. ஹெட் ஆபீஸ் கோபமாக இருந்தது. ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. மைதீன் பிச்சை கேட்டபடி கம்பி புதைத்துக்கொள்ளலாம். வரும் சித்திரை இடியில் நாற்பத்தேழாம் டவரால் கம்பி அணையாவிட்டால் குற்றச்சாட்டைக் கைவிடுவார்கள். ஒரே ஒரு தடவை அணைந்தாலும் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என்னை யாரும் அழைக்கவில்லை. லீவு போட்டுவிட்டுச் சித்திரையில் மறுபடியும் தென்காசியில் இறங்கினேன்.

அதே ஊர்தானா என்று சந்தேகமாக இருந்தது. அருவி இருந்த இடத்தில் வெறும் பாறை வெயிலில் காய்ந்தது. குரங்குகள் நடு அருவியில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. பங்களா பூட்டிக் கிடந்தது. எண்ணெய் தேய்ப்பவர்களையும் பஜ்ஜிக் கடையையும் காணோம். கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரியும் வந்திருக்கவில்லை. தண்ணீர் இல்லையே.

மைதீன் பிச்சையோடு மலையேறினேன். காலுக்குக் கீழே மண் நொறுங்கியது. ஓடைவரைக்கும் அவரும் அவருடைய ஆட்களும் தோண்டிக் கம்பி பதித்து மூடியிருந்த தடம் நீளமாகத் தெரிந்தது. அது முடிகிற இடத்தில் யானை தோண்டிய குழி, அதில் ஒரு கை தண்ணீர். வைத்தியநாதன் தன் பொறுப்பில் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பிய பெட்டியில் அளந்தோம். முள் நல்ல இடத்தில்தான் நின்றது. ஆனால் முள் வேறு, மின்னல் வேறு. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பின்னேரம் மேற்கே மேகம் கறுத்தது. வேகமாக இறங்கி வடகரைக்கு வந்து சேர்ந்தபோது காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வாசல் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். தலைக்கு மேலே கம்பெனி மின்சாரத்தில் ஒரு பல்ப் எரிந்தது. எதிரே மலை. அதன்மேல் நாற்பத்தேழாம் டவர் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது.

முதல் இடி தூரத்தில். இரண்டாவது பக்கத்தில். பிறகு நான் எங்கள் மலையில் பார்த்த எல்லா இடியையும் சின்னதாக்குகிற மாதிரி ஒன்று இறங்கியது. டவர் முழுவதும், ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் தனித்தனியாகத் தெரிய, வெள்ளையாக நின்றது. நாங்கள் இருவரும் டவரைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திப் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது இமைக்கவில்லை.

இன்னும் இரண்டு தடவை அதே உச்சியில் விழுந்தது. மைதீன் பிச்சையின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் ஒரு சுற்றுக் கூப்பிட்டேன். கடைசியில் மழை கொட்டி, இடி கிழக்கே தென்காசியைத் தாண்டி நகர்ந்து போனது. பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு, "சாப்பிடுவோமா ஐயா?" என்றார்.

இலை போட்டுச் சோறு வைத்தார்கள். மண் வாசனை எழுந்தது. அதோடு ஈசலும் கிளம்பியது. ஆயிரக்கணக்கில் வந்து பல்பைச் சுற்றி மோதி, இறகு உதிர்ந்து, சோற்றிலும் குழம்பிலும் விழுந்தன. கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"அந்த லைட்ட அணைங்க. ஈசல் பூராவும் சோத்துல விழுதுல்லா. விருந்தாளி எப்பிடிச் சாப்பிடுவாவ? நான் சிம்னி வெளக்க ஏத்தித் தாரேன்."

மைதீன் பிச்சை நிமிர்ந்து பல்பைப் பார்த்தார்.

"அணைக்காதட்டி. எரியட்டும்" என்றார்.

நாங்கள் ஈசலைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.